கண்ணுக்கு எட்டும் வேகம்

ஏரியில் ஓடும் படகுக்கு வேக வரம்பு வேண்டுமா? அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வி இது. அங்குள்ள வின்னிபசாக்கி ஏரியில் பகலில் மணிக்கு 72 கிலோமீட்டர், இரவில் 48 கிலோமீட்டர் என்று 2009 ஜனவரியில் வரம்பு வந்தது. இரண்டாண்டு சோதனையாகக் கொண்டுவந்த சட்டத்தை 2010-ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். செய்தது சரிதான் என்பது நம் கருத்து.

எதிர்த்தவர்களின் வாதம் லேசானதல்ல. அடுத்த படகுக்கோ, கரைக்கோ, நீந்துகிறவருக்கோ 150 அடிக்குள் வந்தால் ஊர்ந்துதான் போகவேண்டும் என்ற விதி அங்கே ஏற்கெனவே இருந்தது. அதை ஒழுங்காக அமல்படுத்தினால் போதாதா என்றார்கள். 2007 கோடையில் நீர்ப்பகுதிக் காவல் பிரிவு ரேடார் வைத்து அளந்தபோதும், 72-ஐத் தாண்டிய படகுகள் மிகச் சிலவே. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து என்று கேட்டார்கள்.

அந்த 150 அடி விதியில்தான் ஓட்டை இருக்கிறது. எதிரே இருப்பதை ஓட்டுகிறவர் பார்த்துவிட்டார் என்று அது தானாகவே நம்பிக்கொள்கிறது. இரவில் துடுப்புப் படகில் போகிறவர், மோதல் நேராதபடி உரிய நேரத்தில் ஒரு கைவிளக்கைக் காட்டினாலே போதும் என்கின்றன அமெரிக்க நீர்வழி விதிகள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் படகு 150 அடியைக் கடக்க இரண்டு விநாடிகூட ஆகாது. 48-ல் வந்தால் சுமார் மூன்றரை விநாடி. படகுக்கு பிரேக்கும் கிடையாது. அந்தச் சின்ன வெளிச்சம் கண்ணில் பட்டு, இன்னதென்று புரிந்து, சுக்கானைத் திருப்புவதற்கு கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒன்றரை விநாடிக்கு மேலான நேரம் பெரிய அவகாசம். இடைவெளி விதி, பார்த்த பிறகுதான் உதவும். பார்ப்பதற்கே நேரம் தருவது வேக வரம்பு.

குடியும் கவனக்குறைவும்தானே விபத்துக்குக் காரணம், வேகத்தின் மேல் ஏன் பழி என்றும் கேட்கிறார்கள். கவனக்குறைவை எந்தச் சட்டத்தாலும் ஒழிக்க முடியாது. அதற்குக் கொடுக்கும் விலையைக் குறைக்க முடியும்: வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் நாலில் ஒரு பங்காகிவிடும். இவ்வளவு பெரிய ஏரியில் யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கும் பதில் உண்டு. தண்ணீரின் மேல் 150 அடியைக் கண்மதிப்பில் அளந்து வழக்குப் போடுவதைவிட, ரேடார் காட்டும் எண்ணை வைத்து அபராதம் போடுவது சுலபம். மீறுகிறவர்கள் சிலரே என்றால், இந்தச் சட்டத்தால் இழப்பும் அந்தச் சிலருக்கே. இருட்டிய பிறகும் கைவிளக்கை நம்பி ஒருவர் துடுப்புப் போடத் துணிந்தால், சட்டம் வேலை செய்கிறது என்று பொருள்.