ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு நோட்டு

தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். இப்போது கையை ஊன்றாமல், முழங்காலைப் பிடிக்காமல், பக்கத்து சோபாவைத் துணைக்கு அழைக்காமல் எழுந்திருங்கள். சுலபமாக எழுந்துவிட்டால் மகிழ்ச்சி. ‘அப்பாடா’ என்ற முனகலோடு எழுந்தால் இந்த வாரப் பகுதி உங்களுக்காகத்தான்.

பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோவும் அவரது குழுவினரும் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரை இப்படித்தான் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். பிறகு பல ஆண்டுகள் அவர்களைக் கவனித்து வந்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. மிகவும் திணறி எழுந்தவர்களிடையே மரண விகிதம், சுலபமாக எழுந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. எழ முடியாததால் யாரும் இறந்துவிடுவதில்லை. ஆனால் கால் வலிமை, இடுப்பின் வளைவு, உடலின் சமநிலை மூன்றும் குறைந்து வருவதை அந்த ஒரு அசைவு காட்டிக் கொடுத்துவிடுகிறது.

நம் பாட்டிமார்களுக்கு இந்தச் சோதனை தேவைப்பட்டதில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அம்மியில் அரைத்தார்கள், கிணற்றில் இறைத்தார்கள், குத்துக்காலிட்டுத் துவைத்தார்கள். ஒரு நாளில் இருபது முப்பது பஸ்கி கணக்கில்லாமல் நடந்துகொண்டிருந்தது. டைனிங் டேபிள், மிக்ஸி, வாஷிங் மெஷின், மேற்கத்திய கழிப்பறை, லிஃப்ட் எல்லாம் வந்து வாழ்க்கையைச் சுலபமாக்கின. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அம்மிக்குத் திரும்பச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. ஆனால் அவை உடம்பிடமிருந்து எடுத்துக்கொண்ட வேலையை வேறு வழியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

நாம் கொடுப்பதாகத் தெரியவில்லை. ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் 2024இல் வெளியான ஆய்வின்படி, 2022இல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் இது சுமார் 42 சதவிகிதம், பெண்களில் 57 சதவிகிதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான மற்றொரு ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது.

“நான்தான் ஒல்லியாக இருக்கிறேனே” என்பவர்கள் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. அவரும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. உயரத்துக்கும் எடைக்குமான குறியீட்டு எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவிகிதம். எடை பார்க்கும் இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை குறைவு. பல இந்திய உடம்புகளின் அமைப்பு இதுதான்.

தசை குறைவாக இருப்பது அழகுப் பிரச்னை மட்டுமல்ல. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சிறியதாக இருந்தால் சரக்கு தெருவில் நிற்கும். முப்பது வயதுக்குப் பிறகு, ஒன்றும் செய்யாமல் இருந்தால், பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவிகிதம் வரை தசை கரைகிறது. காலை நடை இதயத்துக்கு நல்லது, மனதுக்கும் நல்லது. ஆனால் கரையும் தசையைத் தடுத்து நிறுத்த அது மட்டும் போதாது. தசைக்குச் சுமை வேண்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்றது. முதல் பாதியை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். இரண்டாம் பாதியைக் கசரத் பையன்களுக்கு விட்டுவிட்டோம்.

வயது கடந்துவிட்டது என்ற சாக்கும் செல்லாது. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் சராசரி 90 வதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வில், அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியைக் கைவிட்டார்கள்.

இதற்கெல்லாம் ஜிம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மே மாத டெல்லி வெயிலிலும், நவம்பர் மாதப் புகைமூட்டத்திலும், மும்பை மழையிலும் வீட்டுக்குள் செய்யும் பயிற்சியே தொடர்ந்து நடக்கும். ஐந்தரை மணிக்குப் பால் காய்ச்சி, ஏழு மணிக்கு டிபன் கட்டும் பெண்ணுக்குப் பூங்காவும் ஜிம்மும் வேறு கிரகங்கள். ஹாலின் ஆறடி இடம்தான் நிஜம். கொல்கத்தாவில் வாழ்ந்த மனோகர் ஐச்சின் உயரம் 4 அடி 11 அங்குலம். பிரிட்டிஷ் ஆட்சியில் சிறையில் இருந்தபோது கருவி எதுவும் இல்லாமலே பயிற்சியைத் தொடர்ந்தவர், 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் உயரப் பிரிவில் பட்டம் வென்றார். 2016இல் இறந்தபோது அவருக்கு வயது 104. நம் அகாடாக்களில் சுழன்ற கர்லாக்கட்டையை 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தினர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக் பந்தயங்களில் அது ஒரு போட்டியாகவே இருந்தது. (ஃபிளாட்டில் கர்லா சுற்றும் ஆசை வேண்டாம். சீலிங் ஃபேனும் ஷோகேஸும் உங்களை மன்னிக்காது.)

தேவையானவை இவ்வளவுதான்: கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலி ஒன்று. வெற்றுச் சுவர் ஒன்று. பிள்ளைகள் தூக்கி எறிந்த ஸ்கூல் பை ஒன்று. மூடி இறுக்கமான தண்ணீர் கேன்கள் இரண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், இதைவிட மலிவான எடைக்கல் கிடையாது. செலவு செய்ய விருப்பமிருந்தால் சில நூறு ரூபாயில் ஒரு ரப்பர் பட்டையும், பிறகு ஒரு ஜோடி டம்பெல்லும் வாங்கலாம். டிரெட்மில்லை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். துணி காயப்போட கொடி இருக்கிறது.

முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடை, தோள் சுழற்சி, இடுப்பு சுழற்சி. உடம்பு லேசாகச் சூடானதும் ஆறு அசைவுகள்.

ஒன்று, பஸ்கி. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இருக்கையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம். சுலபமாகிவிட்டால் பையில் புத்தகங்களை நிரப்பி மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம்.

இரண்டு, தண்டால். எடுத்த எடுப்பில் தரைக்குப் போக வேண்டாம். முதலில் சுவரில் கை ஊன்றி, பிறகு ஆடாத மேஜை விளிம்பில், பிறகு தரையில். சுவரிலிருந்து தரைக்கு இறங்கச் சிலருக்கு ஒரு மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம். இரண்டும் சரியே.

மூன்று, இழுப்பு. வீட்டுப் பயிற்சிகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காரும் முதுகுக்கு மிகவும் வேண்டியதும் இதுதான். ஒரு கையை நாற்காலி இருக்கையில் ஊன்றி, முதுகை நேராகச் சாய்த்து, மறு கையால் பையைத் தரையிலிருந்து இடுப்பை நோக்கி இழுத்து, மெதுவாக இறக்குங்கள். பிறகு கை மாற்றுங்கள்.

நான்கு, குனிந்து தூக்கல். முதுகுப் பிடிப்பு வருவது பெரும்பாலும் வாளியைத் தூக்கும் அந்த ஒரு விநாடியில்தான். முழங்காலைச் சற்றே மடக்கி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, முதுகை வளைக்காமல் குனியுங்கள். கேனை உடம்போடு ஒட்டித் தூக்கி நிமிருங்கள். முதல் மாதம் ஐந்து லிட்டர் போதும்.

ஐந்து, சுமந்து நடத்தல். இரண்டு கையிலும் கேனைத் தூக்கிக்கொண்டு ஹாலில் முன்னும் பின்னும் 30 விநாடி நிமிர்ந்து நடங்கள். கைப்பிடி, தோள், வயிறு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

ஆறு, பிளாங்க். முழங்கையையும் கால் விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் 15 விநாடி நிறுத்துங்கள். முடியாதவர்கள் முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம். அறுபது தாண்டியவர்கள் இதோடு, சுவர் அருகில் நின்று ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கப் பழகினால் நல்லது. இந்த வயதில் இடுப்பெலும்பை முறிப்பது பெரும்பாலும் தடுமாறி விழுவதுதான்.

முதல் நான்கையும் 8 முதல் 12 தடவை. ஆறும் முடிந்தால் ஒரு சுற்று. முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்று, பிறகு மூன்று. சுற்றுக்கு இடையில் ஓரிரு நிமிட ஓய்வு. மொத்தம் அரை மணி நேரம் தாண்டாது. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். தசை வளர்வது பயிற்சியின்போது அல்ல, இடையில் கிடைக்கும் ஓய்வில். மற்ற நாட்களில் வழக்கமான நடை. குதிப்பது எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கீழ்வீட்டுக்காரர் கவனித்து நன்றி சொல்வார்.

எவ்வளவு சிரமப்பட வேண்டும்? நிறுத்தும்போது, ‘இன்னும் இரண்டு மூன்று செய்திருக்கலாம்’ என்ற நிலை சரியானது. இன்னும் இருபது செய்யலாம் என்றால் அது பயிற்சி அல்ல, பொழுதுபோக்கு. ஒன்றுகூட முடியாது என்றால் அதிகம்.

கடைசிக் கருவி, நாற்பது பக்க நோட்டு. பெரும்பாலான வீட்டுப் பயிற்சிகள் மூன்றாவது வாரத்தில் சாவது கருவி இல்லாததால் அல்ல, கணக்கு இல்லாததால்தான். அன்றைய தேதி, அசைவு, எடை, எண்ணிக்கை என்று நான்கே விஷயங்களை எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் 12 தடவை சிரமமின்றி முடிந்தால், அடுத்த தடவை கேனில் ஒரு லிட்டர் கூட்டுங்கள், அல்லது இறக்கும் வேகத்தைக் குறையுங்கள். உடம்பு, கேட்டதை மட்டுமே கொடுக்கும். அதே ஐந்து கிலோவை ஆறு மாதம் தூக்கினால் ஐந்து கிலோவுக்கான தசையோடு நின்றுவிடும். “நாள் பூராவும் வீட்டு வேலை செய்கிறேன், இது எதற்கு?” என்று கேட்கும் பெண்களுக்கும் பதில் இதுதான். வீட்டு வேலை களைப்பைத் தருகிறது. ஆனால் அதன் சுமை வாரா வாரம் திட்டமிட்டுக் கூடுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு வேகமாகத் தேயும் எலும்புக்கும் இந்தக் கூடுதல் சுமைதான் மருந்து.

சில எச்சரிக்கைகள். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். சிரமப்படும்போது மூச்சை வெளியே விடுங்கள். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நீரிழிவால் விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்களில் சிலருக்குப் பயிற்சியின்போதும் பிறகும் சர்க்கரை இறங்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். மறுநாள் தசை வலித்தால் கவலையில்லை. மூட்டு குத்தினால் நிறுத்துங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால் அப்போதே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

புரத மாவு டப்பா வாங்க வேண்டுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், அவற்றைத் தவிர்க்கவே சொல்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது பரிந்துரை; 60 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. தட்டில் சாதத்தின் மேட்டைக் குறைத்து, பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று முடிந்ததைக் கூட்டினால் கணக்கு சரியாகிவிடும்.

முதல் மாதம் கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியாது. ஆரம்பத்தில் கூடும் வலிமைக்குக் காரணம், இருக்கும் தசையை முழுதாகப் பயன்படுத்த நரம்புகள் கற்றுக்கொள்வதுதான். தசை பருப்பது பிறகே. ஆகவே கண்ணாடியைப் பார்க்காமல் நோட்டைப் பாருங்கள். மூன்று மாதம் அதில் பக்கங்கள் நிறைந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும் ரயிலில் பெட்டியை மேல் பெர்த்தில் ஏற்ற யாரைக் கூப்பிடலாம் என்று சுற்றுமுற்றும் பார்க்க மாட்டீர்கள். நீங்களே தூக்கி வைத்துவிட்டு, எதிர் சீட்டுப் பெரியவரின் பெட்டிக்கும் கை நீட்டுவீர்கள்.