ஓரமா நில்லுடா

பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் அதிகம் கேட்ட சொல் எது? 'படி' அல்ல. 'விளையாடு' அல்ல. 'ஓரமா நில்லுடா' என்பதுதான். வீட்டிலிருந்து கொண்டுபோன கோணித்துணியில் தனியே உட்கார்ந்து அம்பேத்கர் படித்ததும், பியூன் வராத நாளில் தண்ணீரில்லாமல் கிடந்ததும் நமக்குத் தெரியும். வகுப்பறையின் தீண்டாமையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். மைதானத்தின் தீண்டாமையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

பல்வங்கர் பாலு என்றொரு பந்துவீச்சாளர் இருந்தார். சமார் சாதியில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதற்கு முன்பு பூனாவில் அவர் ஆடிய நாட்களில், அவர் வீசிய பந்தை இந்துக் கனவான்கள் கையால் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கியெறியும் மண் குவளை. பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு உண்டு. நம் உடலின் திறமையை எடுத்துக்கொண்டு நம் உடலைத் தள்ளி வைக்கிற இந்தக் கணக்கு இன்றும் முடியவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களில் அவனோடு படித்தவர்களே இருந்தார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. சரியான பரிந்துரை. ஆனால் கயிறு கட்டுகிற வயதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. யார் கையைப் பிடிக்கலாம், யார் கையை உதறலாம் என்பதைப் பிள்ளை அதற்கு வெகு முன்பே கற்றுக்கொள்கிறது. மூன்று வயதுக் குழந்தை எந்தக் கையையும் பிடிக்கும். எட்டு வயதில் தயங்கும். அந்த ஐந்து வருஷத்தில் குழந்தையோடு விளையாட்டில் யார் நிற்கிறார்கள்?

யாருமில்லை என்பதுதான் பதில். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்கென ஆளைச் சொல்லும்போது ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதிநேரப் பயிற்றுநர் என்று நிறுத்திக்கொள்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அதுவும் கிடையாது. இருக்கிற இடத்திலோ டிரில் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி பக் தொடங்கியது 1920இல். நூறாண்டு கடந்துவிட்டது. 2014ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பிறகு உடற்கல்விப் பட்டப்படிப்பு இரண்டு வருஷம். உடற்தகுதி பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். ஓடத் தெரிந்தவர், தாண்டத் தெரிந்தவர் வருகிறார். ஜெயிக்கிற பிள்ளையைக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரியும். போலியோ கால் பிள்ளையை, காது கேளாத பிள்ளையை, 'கூட்டத்துல சேராதே' என்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளையை என்ன செய்வது என்று அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? விசில் கையில் இருக்கிறது. மெடல் வாங்கித் தருபவன் உள்ளே, மற்றவன் ஓரமாக.

இதற்கு மாற்றாக ஒரு முறை உண்டு. சேவைவழிக் கற்றல் என்கிறார்கள். 1960களில் அமெரிக்காவில் இந்தப் பெயர் வந்தது. ஸ்பெயின் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் இன்று பரவலாகக் கையாள்கிறார்கள். ஆசிரியராகப் போகிறவர் மாதக்கணக்கில் சிறு குழந்தைகளிடம் போகிறார். ஊனமுள்ள பிள்ளையும் மற்ற பிள்ளையும் சேர்ந்து ஆடும்படி விளையாட்டை அமைக்கிறார். நடந்ததை எழுதுகிறார், வகுப்பில் விவாதிக்கிறார், தப்பைத் திருத்திக்கொண்டு மறுபடி போகிறார். இதற்கு மதிப்பெண் உண்டு.

'சேவை' என்றதும் நமக்கு உடம்பு சிலிர்ப்பதில்லை, எரிகிறது. தலைமுறை தலைமுறையாகச் சேவை என்ற பெயரில் நம்மிடம் பிடுங்கியது கொஞ்சமா? நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் வந்தது. அதன் முகாம் என்றால் சேரித் தெருவைக் கூட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போவது என்று ஆக்கிவைத்தவர்கள் உண்டு. நாமென்ன தினமும் குப்பையிலா கிடந்தோம், இவர்கள் வந்து கூட்ட? அதுபோல இதையும் ஆக்கினால் நம் பிள்ளைகள் மறுபடியும் யாரோ படிப்பதற்கான பொருளாகிவிடுவார்கள்.

ஆனால் இந்த முறையை நேர்மையாகச் செய்தால் கற்றுக்கொள்பவர் வந்தவர்தான். கற்றுத் தருபவர் குழந்தை. 'அவுட்' ஆனவன் ஓரத்தில் உட்கார வேண்டும் என்பது பாதி விளையாட்டுகளின் விதி. கொஞ்சம் யோசித்தால் தெரியும்: யாருக்கு ஆடிப் பழக வேண்டுமோ அவனே முதலில் வெளியேறி அதிக நேரம் சும்மா உட்காருகிறான். விதியை மாற்றலாம். பிடிபட்டவன் அந்தப் பக்கத்து ஆளாகிவிடட்டும். பார்வையில்லாத பிள்ளைக்குப் பந்துக்குள் சத்தம் வரும் மணி. காது கேளாத பிள்ளைக்கு விசிலுக்குப் பதில் சிவப்புத் துணி. நடக்க முடியாத பிள்ளை இருந்தால் எல்லாரும் உட்கார்ந்தே பந்தை உருட்டி ஆடட்டும். விளையாட்டின் விதி வேதமல்ல, மனுஷன் போட்டது, மாற்றலாம் என்று ஒரு ஆசிரியருக்குப் புரிந்துவிட்டால், சாதியின் விதியைப் பற்றியும் அவருக்கு அதே சந்தேகம் வந்தே தீரும்.

சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் காலை ஐந்து வயதில் பேருந்து நசுக்கியது. 2016இல் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரீஸில் வெண்கலம். பள்ளியில் அவரைத் தாண்டச் சொன்னவர் ஒரு உடற்கல்வி ஆசிரியர். அந்த ஒருவர் 'ஓரமா நில்லுடா' என்று சொல்லியிருந்தால்? இப்படி ஓரத்திலேயே நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? மெடல் வாங்கினால்தான் ஆட உரிமை என்பதும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவருக்குச் சமமான வாய்ப்பைப் பள்ளி தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. இது சலுகை அல்ல, சட்டம்.

நம் கோரிக்கைகள் இவை. உடற்கல்விக் கல்லூரிகள் தம் மாணவர்களை ஒரு வருஷமாவது, வாரந்தோறும், அதே அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் அனுப்பட்டும். ஒருநாள் கூத்து வேண்டாம். சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே வட்டத்தில் கைகோர்க்காத விளையாட்டுக்கு மதிப்பெண் இல்லை என்று பாடத்திட்டத்தில் எழுதட்டும். சாதியையும் ஊனத்தையும் பற்றி மாணவர் எழுதும் குறிப்பேடு தேர்வின் பகுதியாகட்டும். அவர் எப்படி நடந்துகொண்டார் என்று சொல்ல அங்கன்வாடி ஊழியருக்கும், பிள்ளையின் அம்மாவுக்கும் உரிமை இருக்கட்டும். தொடக்கப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் வேண்டும், பகுதிநேரமாக அல்ல.

அரசு செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். நம் இரவுப் பாடசாலைகளில், மன்றங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் உடற்கல்வி படிக்கும் நம் தம்பி தங்கைகளைக் கூப்பிடுங்கள். சின்னப் பிள்ளைகளைச் சேருங்கள். யாரையும் ஓரத்தில் நிறுத்தாத ஒரு விளையாட்டை முதலில் நம் தெருவில் ஆடிக் காட்டுவோம். பெண் பிள்ளைகளை, நம்மிலேயே நாம் தள்ளி வைத்திருக்கும் சாதிகளின் பிள்ளைகளைச் சேர்க்காமல் அதை ஆட முடியாது என்பதும் அங்கேதான் தெரியும்.