புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

புடவைத் தலைப்பில் ஒரு ஊக்கு குத்தாமல் காலை நேரத்துத் தாம்பரம் ரயிலில் ஏற நம்மில் யாருக்காவது துணிச்சல் உண்டா? அந்த ஊக்கின் கதைதான் இந்தத் தடவை.

இங்கிலாந்தில் சுமார் 1,500 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் பெண்களுக்கு உடை நின்றதே ஊக்கினால்தான். தோளுக்கு ஒன்றாக இரண்டு. பெரும்பாலும் வெண்கலம், வசதிக்காரர்களுக்கு வெள்ளி, தங்கம். இறந்தால் அதோடேயே புதைப்பார்கள். 1771-ல் கென்ட் பகுதியில் கிங்ஸ்டன் என்ற ஊரில், ஒரு பெண்ணின் கல்லறையில் சிவப்பு கார்னெட் கற்கள் இழைத்த தங்க ஊக்கு ஒன்று கிடைத்தது. என்ன வேலைப்பாடு என்கிறீர்கள்! அந்தக் காலத்து நகைகளில் பதித்த கார்னெட்டில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

நமக்கோ சுற்றிச் செருகினால் போதும், ஊக்கு எதற்கு? நம்ம பக்கத்துத் தங்கம் நெற்றிக்குப் போனது. 1899-ல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது, மெல்லிய தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. இரு முனையிலும் கயிறு கோக்க ஓட்டை!

தங்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிட ஆச்சரியம், ஊக்கில் பிடித்த களிம்பு. துணி மண்ணில் மக்கிவிடும். உலோகத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் களிம்பு ஏறி நெசவு அப்படியே பதிந்து நிற்கும். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இழை எப்படி ஓடியது என்று சொல்லிவிடுகிறார்கள். மொகஞ்சதாரோவில் பருத்தித் துணித் துணுக்கு பிழைத்ததும் ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடந்ததால்தான். நம்ம வழக்கப்படி புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தால்? துணி போயே போச்சு!

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நாம் குடியிருக்கிற மண்ணும் லேசுப்பட்டதல்ல. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில். செங்கல்பட்டு வரை தாழிகளும் ஈமப்பேழைகளும் கிடைத்த பூமி இது. இன்றைக்கு எந்தத் தெருவில் பார்த்தாலும் கடைக்கால் தோண்டுகிறார்கள்.

உங்கள் மனையில் பானையோ, பச்சை பூத்த உலோகமோ தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். எடுக்கும் முன், கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கழுவ வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலை கலெக்டருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 1878-ம் வருஷத்துச் சட்டம். அடகுக் கடைக்குப் போய் உருகிவிட்டால் அப்புறம் எடை மட்டும்தான் மிஞ்சும். கொத்தனாரிடமும் சித்தாளிடமும் பூஜை போடும் அன்றைக்கே இதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.