பதிவேட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். ஆனால் படித்துவிட்டு ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் தொழிலில்தான் இருக்கிறீர்கள். இது உங்களைக் கேட்கவேண்டிய கேள்வி.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஓர் அம்மா இருக்கிறார். கணவர் இல்லை. தையல் மிஷின்தான் சோறு போடுகிறது. சொத்து வரியை ஒரு தவணைகூடத் தவறவிடாதவர். இந்த முறை அவர் வழக்கமாகப் போகும் அலுவலகத் தளம் நாலு நாள் திறக்கவேயில்லை. கடைசித் தேதி நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் கூகுளில் தேடி, முதலில் வந்த பக்கத்தில் போய் 4,260 ரூபாய் கட்டிவிட்டார். ரசீது மாதிரி ஒன்றும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். நானும் துணைக்குப் போனேன்.

"இது எங்க சைட்டே இல்லம்மா" என்றார் அங்கிருந்தவர்.

"சரி ஐயா, உங்கள் சைட் ஏன் திறக்கவில்லை?" என்று கேட்டேன்.

"ஹோஸ்டிங் ரெனியூவல் முடிஞ்சிருச்சு சார். வெண்டர் மாறிட்டாரு. பாஸ்வேர்டு பழைய வெண்டர்கிட்டதான் இருக்கு."

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அந்த ஊழியரைத் திட்டுவது என் நோக்கம் இல்லை, அவர் உண்மையைத்தான் சொன்னார். 1930 எண்ணுக்குப் புகார் கொடுத்திருக்கிறோம். ஆனால் அன்றிலிருந்து ஒரே ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அரசாங்கத்தின் சாவி எப்படி ஒரு பழைய வெண்டரின் சட்டைப் பையில் இருக்கிறது?

"சார், நீங்க கணக்கு வாத்தியார், உங்களுக்கு எதுக்கு செர்வர் கதை?" என்று சிலர் கேட்பீர்கள். எனக்குப் பதிவேடு தெரியும், ஐயா. பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் அதில்தான். தலைமை ஆசிரியர் அறையில் இரும்பு பீரோவில் இருக்கும். முப்பது வருஷம் கழித்து ஒருவன் பாஸ்போர்ட்டுக்காக வந்து நின்றாலும் அதைத் திறந்துதான் பார்ப்போம். 2015 டிசம்பர் மழையில் பள்ளிக்குள் தண்ணீர் வந்தபோது, நாற்காலியையும் மேஜையையும் விட்டுவிட்டு, அந்தப் பதிவேடுகளைத்தான் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றினோம். பள்ளி என்பது கட்டடம் இல்லை, அந்தப் பதிவேடுதான் என்று அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அரசின் இணையதளமும் அதுதான். பலர் அதை நோட்டீஸ் போர்டு என்று நினைக்கிறார்கள். அதன் பின்னால் பிறப்பு, இறப்பு, வரி, பட்டா, ரேஷன் கார்டு, ஆதார் எண் என்று நம் குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதைத்தான் ஹோஸ்டிங் என்கிறார்கள். சாக்பீஸ் டப்பா வாங்குவதுபோல, யார் கம்மி விலை சொன்னார்களோ அவர்களிடம் கொடுத்துவிடுகிற காரியமா இது?

மலிவு ஹோஸ்டிங் என்றால் என்ன என்று வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில் வாடகைக்கு எடுப்பதுபோல. ஒரே செர்வரில் ஜவுளிக்கடை, ஜோசியர், சினிமாச் செய்தி, நடுவில் ஓர் அரசு அலுவலகம். ஒரு கட்டிலில் மூட்டைப்பூச்சி வந்தால் அடுத்த கட்டிலுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? 2024இல் பல மாநிலங்களின் அரசுத் தளங்களுக்குள்ளேயே யாரோ சூதாட்ட விளம்பரப் பக்கங்களைச் சொருகியிருந்தது செய்தியாக வந்தது. முகவரியில் அரசின் பெயர், உள்ளே ரம்மி. பூட்டாத வீட்டில் யார் வேண்டுமானாலும் கோலம் போடலாம்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2021 ஜூலையில், தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண் உட்பட, இணையத்தில் கிடைக்கின்றன என்று பெங்களூருவின் ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கம்ப்யூட்டர்களையே எவனோ பூட்டிவிட்டு, திறக்க 1,950 டாலர் கிரிப்டோவாகக் கேட்டான். 2024 மே மாதம் காவல்துறையின் முகம் அறியும் மென்பொருளுக்குள் ஒருவன் புகுந்தான். அட்மின் பாஸ்வேர்டு களவு போனதுதான் காரணம் என்று காவல்துறையே சொன்னது. திருடனைப் பிடிப்பவர்கள் வீட்டுச் சாவியே திருடு போயிருக்கிறது.

உடனே இரண்டு கட்சிகள் கிளம்பும். ஒரு கட்சி, "எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுங்கள்" என்னும். இன்னொரு கட்சி, "எல்லாம் அரசின் சொந்தக் கட்டடத்திலேயே இருக்கட்டும்" என்னும். இரண்டும் தப்பு என்பது என் வாதம்.

தனியார் கட்சிக்கு முதலில். 1964இல் வந்த நம் அம்பத்தூர் தொழிற்பேட்டையை இப்போது போய்ப் பாருங்கள். லேத் பட்டறை ஓடிய இடங்களின் பக்கத்தில் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. என்.டி.டி., கண்ட்ரோல்எஸ், டிஜிட்டல் கனெக்ஷன் என்று வரிசையாகப் பெயர்ப் பலகைகள். நல்ல கட்டடங்கள்தான், நம் பிள்ளைகள் சிலர் அங்கே வேலை பார்க்கிறார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இதே தொழிற்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் நின்றதையும் பார்த்தோம். ஒரே ஊரில் ஒரே பிரதி என்றால் எந்தக் கட்டடமும் போதாது. இரும்பு லாக்கரை வாங்கி, சாவியை வாசல்படியில் வைத்தால் லாக்கர் என்ன செய்யும்?

அரசுக் கட்சிக்கு இரண்டு பாடம். இலங்கையில் அரசு மின்னஞ்சல்கள் எல்லாம் அரசின் சொந்த மேகக் கணினி அமைப்பில்தான் இருந்தன. 2023 ஆகஸ்டில் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போயே போய்விட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள். காரணம் என்ன? மைக்ரோசாப்ட் கைவிட்டுவிட்ட 2013ஆம் ஆண்டு மென்பொருளை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று மாதங்களுக்குத் தனியே எடுத்துவைத்த பிரதி இல்லை. புதுப்பிக்கும் திட்டம் 2021லேயே இருந்தும், பணமில்லை என்று தள்ளிப்போட்டிருந்தார்கள்.

தென்கொரியா பணக்கார நாடு. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் அரசின் சொந்த டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்து 709 அரசு அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேர்த்துவைத்த ஜி-டிரைவில் 858 டெராபைட் சாம்பலானது. வெளியே பிரதி கிடையாது. அளவு மிகப் பெரியது, அதனால் பிரதி எடுக்கவில்லை என்றார்கள். பெரிய பதிவேடு என்பதாலேயே அதற்குப் பிரதி இல்லை!

இப்போது தில்லி எய்ம்ஸைப் பாருங்கள். 2022 நவம்பர் 23 அன்று செர்வர்களைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு வாரம் போல நோயாளிகள் வரிசையில் நிற்க, எல்லாம் கையால் எழுதினார்கள். அங்கேயும் குறைகள் இருந்தன. ஆனால் பாதிக்கப்படாத ஒரு பேக்கப் செர்வர் இருந்தது, அதிலிருந்து நோயாளிகளின் விவரங்களை மீட்டுவிட்டோம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. எய்ம்ஸும் அரசு, கொழும்பும் அரசு. ஒன்று பிழைத்தது, ஒன்று பிழைக்கவில்லை. வித்தியாசம் அந்த ஒரு பிரதிதான்.

ஆகவே கேள்வி அரசா தனியாரா என்பது இல்லை. பொறுப்பு யாருடையது, நிபந்தனை என்ன என்பதுதான். எந்த ஹோஸ்டிங்காரர் வந்து நின்றாலும் இந்த ஆறையும் கேட்கவேண்டும்:

1. எங்கள் விவரங்கள் எந்த ஊரில் இருக்கும்? மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அங்கீகரித்த மேகச் சேவைப் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா?

2. பிரதி எத்தனை நாளுக்கு ஒருமுறை? வேறு ஊரில் ஒன்று, இணைப்பைக் கழற்றிவைத்த ஒன்று இருக்கிறதா? கடைசியாக எப்போது அதை மீட்டு ஓட்டிப் பார்த்தீர்கள்? (ஓட்டிப் பார்க்காத பிரதி, திருத்தாத விடைத்தாள் மாதிரி. மார்க் தெரியாது.)

3. மென்பொருளைப் புதுப்பிப்பது யார் வேலை? நீங்களா, நாங்களா? எழுத்தில் சொல்லுங்கள்.

4. தளத்தின் பெயரும் அட்மின் சாவியும் யார் பேரில்? வெண்டர் பேரில் இருக்கவே கூடாது. அலுவலகத்தின் பேரில், இரண்டு அடுக்குச் சரிபார்ப்போடு இருக்கவேண்டும்.

5. செர்ட்-இன் பட்டியலிலுள்ள தணிக்கையாளர் கடைசியாக எப்போது சோதித்தார்? சொன்ன குறைகளைச் சரிசெய்தாயிற்றா?

6. திருட்டு நடந்தால்? 2022 ஏப்ரல் 28இன் செர்ட்-இன் உத்தரவுப்படி 6 மணி நேரத்தில் தெரிவிக்கவேண்டும், 180 நாள் பதிவுகளை வைத்திருக்கவேண்டும். அதற்கு ஏற்பாடு உண்டா? ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் எல்லாவற்றையும் எங்கள் கையில் கொடுப்பீர்கள்?

இதைக் கேட்டால் அலுவலகங்களில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "நாங்க என்ன சார் பண்றது, டெண்டர் சட்டப்படி யார் கம்மியோ அவங்களுக்குத்தான் தரணும்."

இது பாதி உண்மை. பாதி உண்மை எப்போதும் சௌகரியமான பொய். 1998இன் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கண்ணை மூடிக்கொண்டு குறைந்த விலைக்குக் கொடு என்று சொல்லவில்லை. டெண்டர் ஆவணத்தில் எழுதிய, அளந்து பார்க்கக்கூடிய அம்சங்களை வைத்து மதிப்பிட்டுத்தான் குறைந்தது எது என்று தீர்மானிக்கச் சொல்கிறது. அந்த அம்சங்களை எழுதவேண்டியது யார்? அலுவலகம்தான். மேலே சொன்ன ஆறையும் ஆவணத்தில் எழுதுங்கள். நிறைவேற்ற முடியாதவன் தானாகவே விழுந்துவிடுவான். மத்திய நிதி அமைச்சகமும் 2021 அக்டோபரில் தரத்துக்கும் மதிப்பெண் கொடுத்துத் தேர்வு செய்ய வழி திறந்துவிட்டது. நிபந்தனை எழுத சோம்பல்பட்டுவிட்டு சட்டத்தின்மேல் பழி போடக்கூடாது. கேள்வித்தாளைச் சரியாக எழுதாத வாத்தியார், பையன் சரியில்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது.

"சின்ன ஊராட்சிக்கு ஏது பணம்?" என்பது அடுத்த பதில். அது நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், சின்ன அலுவலகங்கள் தனியாகக் கடை தேடி அலையவே வேண்டாம். என்.ஐ.சி. 1976 முதல் இருக்கிறது. அரசுத் தளங்களுக்கென்றே பாதுகாப்பான ஓர் அச்சு வைத்திருக்கிறது, திருவள்ளூர் மாவட்டத் தளம் அதில்தான் ஓடுகிறது. பெருங்குடியில் எல்காட் நடத்தும் மாநிலத் தரவு மையம் இருக்கிறது. ஆவடியும் பூந்தமல்லியும் அதைச் சுற்றியுள்ள சிறு ஊர்களும் அங்கே போகலாம். ஆனால் அங்கேயும் அதே ஆறு கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போகட்டும். அரசுக்கு அரசு என்று சலுகை காட்டினால் கொழும்புக் கதைதான்.

கடைசியாக ஒன்று. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டதால் வாங்கியவரின் பொறுப்பு தீராது என்கிறது. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி வரை போகலாம். "வெண்டர் மாறிட்டாரு" என்பது இனிமேல் பதில் ஆகாது.

இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு: டெண்டரை ஜெயிப்பதற்காகப் பேக்கப் செலவை வெட்டிவிட்டு விலைப்புள்ளி போடாதீர்கள். உங்கள் முதலாளி சொன்னால், வேண்டாம் சார் என்று ஒரு தடவையாவது சொல்லுங்கள். அந்தத் தையல் மிஷின் அம்மாவின் 4,260 ரூபாய் அந்த வெட்டில்தான் போனது.

மற்றவர்களுக்கு: தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போடுங்கள். செர்வர் எங்கே, எப்படி என்று நுணுக்கம் கேட்காதீர்கள், பாதுகாப்பு ரகசியம் என்று மறுத்துவிடுவார்கள். மூன்று தேதி மட்டும் கேளுங்கள். கடைசிப் பாதுகாப்புத் தணிக்கை எப்போது? பிரதியைக் கடைசியாக மீட்டுப் பார்த்தது எப்போது? ஹோஸ்டிங் ஒப்பந்தம் முடிவது எப்போது? மூன்றுக்கும் தேதி சொல்ல முடியாத அலுவலகத்தில் உங்கள் பதிவேடு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நான் என் வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். நீங்களும் போட்டால் உங்கள் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செய்யாதவர்கள் அடுத்த முறை என்னைப் பார்க்கும்போது பெஞ்சின்மேல் ஏறி நிற்கவேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்