மாடிக்கு ஓர் அடுப்பு

எங்கள் போளூர்ப் பக்கம் கோழிக் குழம்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஒரகடத்துக் கம்பெனியில் ஆஃப் என்றைக்கு விழுகிறதோ அன்றைக்குத்தான் ஞாயிறு. எனக்கு இந்த மாதம் புதன். அதிலும் ஒரு லாபம் உண்டு. சுங்குவார்சத்திரத்துக் கறிக்கடையில் புதன்கிழமை கூட்டமிருக்காது, “கொழம்புக்கா, வறுவலுக்காம்மா?” என்று கேட்டு நிதானமாக வெட்டித் தருவார் கடைக்காரர். புரட்டாசி என்றால் கேட்கவே வேண்டாம்.

நாலு பேருக்கு முக்கால் கிலோ பிராய்லர். அறையில் மிக்சி கிடையாது, ஆகவே தேங்காய் அரைக்கிற பேச்சே இல்லை. குக்கரில் எண்ணெய் விட்டுப் பட்டை, சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் ஒரு கை. இஞ்சி பூண்டை நசுக்கிப் போட்டால் போதும். தக்காளி கரைந்ததும் கறி, மஞ்சள்தூள், உப்பு, அம்மா மெஷினில் அரைத்துக் கொடுத்தனுப்பிய குழம்பு மிளகாய்த்தூள். அந்தத் தூள் இருந்தால் பாக்கெட் மசாலா எதற்கு? பிராய்லர் தானே தண்ணீர் விடும். ஒரு டம்ளருக்கு மேல் ஊற்றினால் ரசம்தான். ஒரு விசில். பிறகு பொட்டுக்கடலையையும் கொஞ்சம் சோம்பையும் காகிதத்தில் மடித்து, டம்ளர் அடியால் நுணுக்கிப் போட்டு ஒரு கொதி. வெங்காயம் உரிப்பதையும் சேர்த்து முக்கால் மணி நேரம்.

இந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் விடுதியை விட்டு வாடகை அறைக்கு வந்தேன் என்றால் சிரிப்பார்கள். விடுதியில் கட்டில் இருந்தது, கம்பெனி பஸ் வாசலுக்கே வந்தது, மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. அடுப்பு மட்டும் கூடாது. ஆஃப் நாளிலும் அதே தட்டு, அதே வரிசை, அதே சாம்பார்.

2021 டிசம்பரை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. பூந்தமல்லி அருகே, ஆப்பிளுக்கு ஐபோன் செய்துதரும் ஃபாக்ஸ்கானின் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் புரளி கிளம்பி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் விடிய விடிய உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. அங்குள்ள விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே சொன்னது. பிறகு சோதனை, உரிமம், நல்ல கான்ட்ராக்டர் என்று பேச்சு ஓடியது. எல்லாம் தேவைதான். ஆனால் எந்தப் பேச்சிலும், சமைப்பவர் வேறொருவர், தட்டை நீட்டுவது மட்டும் நாங்கள்.

சட்டமும் இப்படித்தான். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் வழிசெய்தது. 2020-இன் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் என்று குறைத்தது. நல்ல விஷயம். கேன்டீன் வேலை நாளுக்கு. வாரத்தில் மிச்சமிருக்கும் அந்த ஒரு நாளைக்கு?

தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று வார்டன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆறு பேர் படுக்கும் அறைக்குள் அடுப்பு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் தடை போட்டதால் சமையல் நின்றுவிட்டதா? கட்டிலுக்கு அடியில் மின்சார கெட்டில் ஒளிந்திருக்கும். அதில் முட்டை வேகும், மேகி வேகும். ஒரே பிளக்கில் மூன்று சார்ஜரும் தொங்கும். இதைவிட, மாடிக்கொரு சமையலறையில் கண்ணெதிரே எரியும் அடுப்பு பாதுகாப்பானது.

பெண் பிள்ளைகள் வேலைக்கு வந்த இடத்திலும் சமையல்கட்டையா கேட்கிறீர்கள் என்று ஒரு தோழர் கேட்டார். எங்கள் பக்கத்து வீட்டில் ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள். முகவரிச் சான்று கேட்காமல் அடையாள அட்டைக்கே கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரை வாங்கி வைத்து, கடுகெண்ணெயில் அவர்கள் கோழி தாளித்தால் தெருவே தும்மும். அவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் கட்டிய, 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார். பஸ்ஸில் போகும்போது பார்த்தால் ஊரே எழுந்து நிற்பதுபோல் இருக்கும். இவ்வளவு பெரிதாகக் கட்டத் தெரிந்த சிப்காட்டுக்கு, இனிக் கட்டும் விடுதிகளுக்கும் தனியார் விடுதிகளுக்கும் ஒரு விதி எழுதுவது கடினமல்ல. மாடிக்கு ஒரு சமையலறை, அதில் நாலு அடுப்பு, புகைபோக்கி, தொட்டி, தீயணைப்பான். மசாலா டப்பாவைப் பூட்டி வைக்க ஆளுக்கொரு சின்ன அலமாரி. அது மிக முக்கியம், அம்மா கொடுத்தனுப்பும் தூள் பொதுச்சொத்து ஆகக் கூடாது. யார் முதலில் அடுப்பைப் பிடிப்பது, யார் குக்கரைத் துலக்காமல் போட்டுப் போனது என்று சண்டை வரத்தான் செய்யும். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.