முதல் பங்கு யாருக்கு?

விஜய் மல்லையாவிடம் 'இந்தியன் எம்பிரஸ்' என்று ஒரு கப்பல் இருந்தது. சரக்கு ஏற்றுகிற கப்பல் இல்லை, டிக்கெட் கொடுத்து ஆள் ஏற்றுகிற கப்பலும் இல்லை. ஒரே முதலாளி, தன் விருந்தாளிகளோடு மிதப்பதற்கென்று கட்டிய உல்லாசக் கப்பல். நீளம் 95 மீட்டர். விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கிற எக்ஸ்பிரஸில் நாலு பெட்டியைச் சேர்த்தால் அந்த நீளம் வரும். நெதர்லாந்தில் ஓஷன்கோ நிறுவனம் 2000ல் கத்தார் அரச குடும்பத்துக்காகக் கட்டியது; 2006ல் மல்லையா கைக்கு வந்தது. எல்டன் ஜானிடம் இருந்த பியானோ ஒன்று அதற்குள் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. மொனாக்கோவில் கார் பந்தயம் நடக்கும் வாரங்களில் அந்தக் கப்பலில் விருந்து அமர்க்களப்படும்.

திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு மொனாக்கோ விருந்தைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மல்லையா குடும்பத்துச் செல்வத்தின் ஆணிவேர் மதுபானம். அவர்களுடைய குழுமத்தில் இருந்த மெக்டவல், 1826ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. நம் நாட்டு விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாவற்றுக்கும் வேண்டிய எரிசாராயம் நெடுங்காலமாக மொலாசஸிலிருந்துதான் வந்தது. தானியத்திலிருந்து எடுப்பது பிற்பாடு வளர்ந்தது. மொலாசஸ் என்பது சர்க்கரை ஆலையில் கடைசியாக மிஞ்சுகிற கழிவுப்பாகு. அதற்கு மூலம் கரும்பு. விழுப்புரம் மாவட்டம் கரும்பு மாவட்டம். ஆக, கரும்புத் தோட்டத்துக்கும் அந்தக் கப்பலுக்கும் இடையிலுள்ள தூரம் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

இந்த வாரம் நான் பேச வந்தது கப்பலின் பகட்டைப் பற்றியல்ல. அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் நின்றபோது என்ன நடந்தது என்பதைப் பற்றி.

முதலில் அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். 24 மீட்டருக்கு மேல் நீளமிருந்தால் அதை சூப்பர் யாட் என்கிறார்கள். இத்தாலி, நெதர்லாந்து, ஜெர்மனி, துருக்கி நாடுகளின் கட்டுமானத் தளங்களில் ஆயிரக்கணக்கான வெல்டர்களும் தச்சர்களும் எலக்ட்ரீஷியன்களும் இதை நம்பிப் பிழைக்கிறார்கள். வாங்குவதைவிட வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் பராமரிப்புக்கே போகும் என்பது அந்தத் தொழிலில் புழங்குகிற கணக்கு. ரஷ்யா-உக்ரைன் போரை ஒட்டி 2022ல் பிஜி தீவில் பிடிபட்ட 'அமாடியா' என்ற கப்பலை அமெரிக்க அரசே வைத்துக் காப்பாற்ற வேண்டி வந்தது. மாதத்துக்கு 6 லட்சம் டாலருக்கு மேல் செலவாகிறது என்று அரசு கோர்ட்டில் அழுதது. ஓடாமல் நின்றாலும் ஜெனரேட்டர் ஓட வேண்டும், ஏசி ஓட வேண்டும், அடிப்பாகத்தில் ஒட்டுகிற பாசியையும் சிப்பியையும் சுரண்ட வேண்டும், உப்புக்காற்றில் அரிக்காமல் தினமும் துடைக்க வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

பொருளாதார மந்தம் வந்தால் இந்த யானை என்ன ஆகும்? 2008ல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது ஆர்டர்கள் ரத்தாயின. பாதி கட்டிய கப்பல்கள் தளத்திலேயே நின்றன. சொந்தக்காரர்கள் இருப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள். அதற்கும் முன்னால் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. பணக்காரர்களிடம் வசூலிப்போம் என்று, 1 லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள படகுகளுக்கு 1991லிருந்து ஆடம்பர வரி போட்டார்கள். பணக்காரர் வரி கட்டவில்லை. படகு வாங்குவதைத் தள்ளிப்போட்டார். ஏற்கெனவே மந்தகாலம். படகுத் தளங்களில் வேலை போனது. 1993ல் வரியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் 2020ல் கொரோனா வந்து உலகமே முடங்கியபோது கதை தலைகீழ். மறு வருஷமே சூப்பர் யாட் விற்பனை அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. மந்தம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. மேலே இருப்பவருக்கு வாங்குவதும் விற்பதும் விருப்பம். கீழே இருப்பவருக்கு அது மாதச் சம்பளம்.

மல்லையா கதைக்கு வருவோம். 2005ல் கிங்ஃபிஷர் விமானங்கள் பறக்கத் தொடங்கின. 'சூரரைப் போற்று' படத்துக்கு மூலமான கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் கம்பெனியையும் கிங்ஃபிஷர் வாங்கியது. 2008ல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை ஏறியது. பின்னாலேயே மந்தமும் வந்தது. கடன்மேல் கடன் சேர்ந்தது, சம்பளம் தள்ளிப்போனது, பிறகு நின்றே போனது. 2012 அக்டோபரில் விமான உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். 2016 மார்ச்சில் மல்லையா லண்டன் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு அந்தக் கப்பல் ஊழியர்களுக்கும் சம்பளம் நின்றது.

ஒரே மனிதரின் இரண்டு தொழில். இரண்டிலும் ஒரே குறை. ஆனால் முடிவு ஒன்றாக இல்லை.

கப்பல் அப்போது மால்டா தீவில் நின்றுகொண்டிருந்தது. அதில் இந்தியர், பிரிட்டிஷார், கிழக்கு ஐரோப்பியர் என 40 பேருக்கு மேல். சம்பளப் பாக்கி மொத்தமாக 10 லட்சம் டாலரைத் தாண்டியது. கப்பல் கவிழ்ந்ததுபோல அவர்கள் கன்னத்தில் கைவைத்து உட்காரவில்லை. நாட்டிலஸ் இன்டர்நேஷனல் என்ற தொழிற்சங்கத்தின் துணையோடு 2018 மார்ச்சில் கோர்ட்டுக்குப் போய், கப்பலையே கைது செய்ய வைத்தார்கள். கடலோடிகளுக்கான 2006ஆம் வருஷத்து சர்வதேச உடன்படிக்கையில் 2017 தொடக்கத்திலிருந்து ஒரு புது ஏற்பாடு அமலில் இருந்தது. முதலாளி கைவிட்டால் நாலு மாதச் சம்பளம் வரை கொடுக்கும் காப்பீடு கப்பலுக்கு இருந்தே ஆக வேண்டும். அதிலிருந்து 6 லட்சம் டாலருக்கு மேல் முதலில் வந்தது. பிறகு கப்பல் ஏலத்துக்குப் போனது. முதல் ஏலத்தில் 4 கோடியே 35 லட்சம் யூரோவுக்குக் கேட்டவர் பணம் கட்டவில்லை. மறுபடி விட்டதில் 3 கோடியே 50 லட்சம் யூரோவுக்குக் கைமாறியது.

கப்பலைக் கைது செய்வது என்றால் விலங்கு மாட்டுவதில்லை. கோர்ட் ஆணையைக் கொண்டுபோய்க் கப்பலில், மரபுப்படி பாய்மரத்தில், ஒட்டுவார்கள். துறைமுகத்துக்கும் நகல் போகும். அதன்பிறகு கப்பல் நகர முடியாது. முதலாளி லண்டனில் இருந்தாலும் சரி, எந்தத் தீவில் கம்பெனி பதிந்திருந்தாலும் சரி, அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடன்பட்டது கப்பல், பொறுப்பும் கப்பலுக்குத்தான். விற்று வருகிற பணத்தைப் பங்கு போடும்போது கப்பலை அடமானம் பிடித்த வங்கிக்கு முன்னால் ஊழியர் சம்பளம் நிற்கும். இது எங்கோ ஐரோப்பாவில் இருக்கிற சட்டம் மட்டும் இல்லை. இந்தியாவிலும் 2017ல் கடல்சார் உரிமைக் கோரிக்கைகளுக்கென்று தனிச் சட்டம் வந்து, 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. அதில் உள்ள முன்னுரிமைப் பட்டியலின் முதல் வரியே கப்பல் ஊழியரின் சம்பளம்தான்.

தரையில் இருந்த விமான ஊழியர்களுக்கு இந்தப் பிடி கிடைக்கவில்லை. குத்தகை விமானங்களைச் சொந்தக்காரர்கள் மீட்டுக்கொண்டு போனார்கள். மிச்சத்துக்கு 17 வங்கிகள் வரிசையில் நின்றன. மல்லையாவின் சொத்துகளிலிருந்து சுமார் 14,131 கோடி ரூபாய் வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதாக 2024 டிசம்பரில் நிதியமைச்சர் மக்களவையில் சொன்னார். 2012ல் சம்பளம் நின்ற பைலட்டும் மெக்கானிக்கும் பத்து வருஷம் கடந்தும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உழைப்பு குறைந்ததில்லை. அவர்கள் பங்கு எந்த வரிசையில் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

நம்மூர்க் கரும்புக்காரரும் இந்த வரிசையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். கட்டிங் ஆர்டர் வந்ததும் ஆள் பிடித்து வெட்டுகிறார். வெட்டுக்கூலி கையோடு கொடுத்தாக வேண்டும். டிராக்டர் வாடகையும் அப்படித்தான். வண்டி ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறது, வெயிலில் கரும்பு எடை குறைகிறது. எடை போட்டு ரசீது வாங்கினால் அவர் வேலை முடிந்தது. 1966ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் வர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. காகிதத்தில் குறை சொல்ல முடியாத சட்டம். நடப்பில், தனியார் ஆலை, கூட்டுறவு ஆலை என்ற பேதமில்லாமல் தமிழ்நாட்டில் நிலுவை இல்லாத வருஷமே அபூர்வம். "பில்லு எப்ப சார் போடுவீங்கன்னு கேட்டா, சக்கரை விக்கட்டும்றாங்க. சக்கரைய பாத்தா பேங்க்ல அடமானத்துல கெடக்குது" என்றார் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். "கரும்பு எங்கூட்டுது, சக்கரை மட்டும் எப்படி சார் பேங்கோடது ஆச்சு?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, நியாயத்தில் இல்லை. கரும்பைக் கொடுத்த நிமிஷமே அது ஆலைக்குச் சொந்தம். ஆலை அதைச் சர்க்கரையாக்கிக் கிடங்கில் அடுக்குகிறது. மூட்டைகளைக் காட்டி வங்கியில் கடன் வாங்குகிறது. சர்க்கரை விலை படுத்தால் வங்கி தன் பணத்தை எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் விவசாயிக்கு. ஆலையே திவாலாகிவிட்டால் இன்னும் மோசம். 2016ஆம் வருஷத்துத் திவால் சட்டப்படி ஆலையை விற்றுக் கலைத்தால், நடைமுறைச் செலவு முதலில். பிறகு பிணை வைத்திருக்கும் வங்கியும், தொழிலாளியின் 24 மாதக் கூலியும் ஒரே வரிசையில். அடுத்து மற்ற ஊழியர், பிணையில்லாமல் கடன் கொடுத்தவர், அரசு பாக்கி. இத்தனை பேரும் இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான், சரக்கு கொடுத்த கரும்புக்காரர் பந்திக்கு வர வேண்டும். தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில் சர்க்கரை ஆலை திவாலாகிக் கைமாறிய பிறகு, நிலுவைத் தொகைக்காகவும், தங்கள் பெயரில் வாங்கப்பட்ட வங்கிக் கடனிலிருந்து விடுபடவும், 2022லிருந்து விவசாயிகள் நடத்திய நெடும் போராட்டத்தைப் பத்திரிகை படிக்கிற எல்லோரும் அறிவோம். உழவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இங்கே கணக்கை வேறு யாரோ அல்லவா பார்க்கிறார்கள்?

நிலுவையை வருவாய்ப் பாக்கி மாதிரி வசூலிக்கக் கலெக்டருக்கு அதிகாரம் உண்டே என்று சிலர் சொல்வார்கள். உண்டு. ஆனால் அது ஒரு அதிகாரி மனம் வைத்துச் செய்ய வேண்டிய காரியம். மாலுமிக்கு இருப்பது அவன் கையிலேயே உள்ள உரிமை.

மரக்காணம் பக்கம் ஃபைபர் படகு கரைக்கு வந்து மீனை ஏலம் விட்டதும் அங்கேயே கணக்கு முடிகிறது. எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கும் வலைக்கும் இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். பாடு குறைந்தால் படகுக்காரர் பங்கும் குறைகிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் மீன் விலையில் அடி விழும், அந்தக் கஷ்டம் வேறு. ஆனாலும் வலை இழுத்தவன் பங்கை அடுத்த சீசனுக்கு நிலுவை வைக்கிற பேச்சு அந்தக் கரையில் எடுபடாது.

கரும்புக்காரருக்கும் இப்படி ஒரு முதல் உரிமை வேண்டும். கிடங்கில் இருக்கிற சர்க்கரை மேல், அது யாரிடம் அடமானமாக இருந்தாலும், கரும்பு பில் தீரும் வரை விவசாயியின் பாத்தியதை முன்னால் நிற்க வேண்டும். இதைச் சொன்னால் உடனே ஒரு ஆட்சேபணை வரும்: அப்படிச் செய்தால் எந்த வங்கி ஆலைக்குக் கடன் கொடுக்கும்? கடன் இல்லாமல் ஆலை எப்படி அரைக்கும்?

கப்பலுக்குக் கடன் கொடுக்கிற வங்கிகளைப் பார்த்தால் போதும். மாலுமியின் சம்பளம் தனக்கு முன்னால் நிற்கிறது என்று அவற்றுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கோடி கோடியாகக் கொடுக்கின்றன. அந்தப் பாக்கி தங்கள் பங்கைத் தின்றுவிடும் என்பதால், சம்பளம் நேரத்துக்குப் போகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய அவசியமும் அவற்றுக்கு உண்டு. சர்க்கரை மூட்டை மேல் அதே உரிமையை எழுதிவையுங்கள். "கரும்பு பில் போட்டாச்சா?" என்று கேட்பதற்காக விவசாயி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வர வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை வங்கி மேனேஜரே ஆலைக்குப் போன் போட்டுக் கேட்பார்.