உடம்புக்குள் போன மருந்தை 'ஆஃப்' செய்ய முடியுமா? புரதத்துக்கே சுவிட்ச் வைக்கும் விஞ்ஞானிகள்!

அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோயாளி ஒருவருக்கு, 'ஹெர்-2' என்ற அடையாளம் உள்ள செல்களைத் தாக்கும்படி மாற்றப்பட்ட நோய் எதிர்ப்பு செல்கள் செலுத்தப்பட்டன. 15 நிமிடத்தில் மூச்சுத் திணறல். 5 நாளில் மரணம். 2010-ல் வெளியான தகவல் இது. நுரையீரலின் நல்ல செல்களிலும் கொஞ்சம் ஹெர்-2 உண்டு, அதையும் எதிரி என்று நினைத்து தாக்கியிருக்கலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு.

உள்ளே போன செல்களை சட்டென நிறுத்த சுவிட்ச் எதுவும் இல்லை. அதுதான் சிக்கல்.

இயற்கை என்ன செய்கிறது?

நம் கணையம் டிரிப்சினை 'ஆஃப்' நிலையில்தான் தயாரிக்கும். சிறுகுடலுக்குப் போன பிறகுதான் 'ஆன்' ஆகும். முன்னாடியே ஆன் ஆனால் கணையத்தையே அரித்துவிடும். ஆனால் இது ஒருவழிப் பாதை. ஆன் ஆனதை திரும்ப பழைய நிலைக்கு கொண்டுவர முடியாது.

அது என்ன 'லாக்கர்'?

2019-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர் குழுவினர் (இவர் 2024 வேதியியல் நோபல் வென்ற மூவரில் ஒருவர்), சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்களுடன் சேர்ந்து 'லாக்கர்' என்ற புரதத்தை அறிமுகப்படுத்தினர். இயற்கையில் இல்லாத, கம்ப்யூட்டரில் வடிவமைத்த புரதம். இதில் 6 சுருள்கள். ஐந்து சேர்ந்து கூண்டு, ஆறாவது தாழ்ப்பாள். வேலை செய்ய வேண்டிய பகுதி தாழ்ப்பாளில் மறைந்திருக்கும். 'சாவி' என்ற இன்னொரு புரதம் வந்து தாழ்ப்பாளின் இடத்தைப் பிடித்தால், தாழ்ப்பாள் விலகும். மறைந்த பகுதி வெளியே வந்து வேலையைத் தொடங்கும்.

ரெண்டு சாவி ஏன்?

பேங்க் லாக்கரைத் திறக்க நம்ம சாவி மட்டும் போதாது, பேங்க் சாவியும் வேணும் இல்லையா? 2020-ல் இதே குழு செய்தது கிட்டத்தட்ட அதுதான். கூண்டு ஒரு அடையாளத்தில் ஒட்டும், சாவி வேறொரு அடையாளத்தில் ஒட்டும். ரெண்டும் ஒரே செல்லில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டுமே சுவிட்ச் ஆன். அதாவது ஹெர்-2 மட்டும் இருக்கிற செல் தப்பிக்கும். 'இந்த அடையாளம் இருந்தால் தொடாதே' என்றும் கட்டளை போடலாம். அதுதான் பெரிய விஷயம்!

ஆனால் இது ஆய்வகத்தில், செல்களில் செய்து காட்டியதுதான். மனிதர்களுக்கு மருந்தாகக் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இயற்கையில் இல்லாத இந்தப் புரதத்தையே நம் நோய் எதிர்ப்பு சக்தி அந்நியனாக நினைத்து தாக்கினால்?